தன்னைச் செரிக்காத பை

ஞாயிற்றுக்கிழமை போட்டி வாங்கும் வீடுகளில் அதைச் சுத்தம் செய்வதற்கே பாதிக் காலை போய்விடும். வெந்நீரில் போட்டு, சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் சுரண்டி, நாலைந்து தண்ணீர் மாற்றி அலச வேண்டும். அதற்குமேல் குக்கரில் ஏழெட்டு விசில் வந்தால்தான் பல்லுக்குப் பதமாகும். மத்தியானம் அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறோம். பொழுது சாய்வதற்குள் ஆட்டின் இரைப்பை நம் இரைப்பைக்குள் கூழாகிவிடுகிறது. இரண்டும் சதைதான்; இரண்டும் புரதம்தான். உள்ளே விழுந்த பையைக் கரைக்கிற சாறு, தன்னை ஏந்தி நிற்கிற பையை ஏன் விட்டுவைக்கிறது?

இந்தக் கேள்வியை ஆய்வாக எழுப்பியவர் லண்டனின் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். நல்ல உடல்நலத்தோடு இருந்து, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் திடீரென்று இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிலருக்கு இரைப்பையின் அகன்ற பகுதி கரைந்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே இருந்த உணவு வயிற்றறைக்குள் சிந்திக் கிடந்தது. இறந்தபின் இரைப்பை தன்னையே செரித்துக்கொண்டிருக்கிறது என்று 1772இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதினார். அப்படியானால் அதுவரை அதைக் காத்துவந்தது உயிர் என்பது அவருடைய முடிவு. அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். நாயின் இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு துளைவழி அமைத்து, உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை அதற்குள் நுழைத்தார். தவளை உயிரோடு இருக்கும்போதே கால்கள் செரித்துப்போயின. இன்று படிக்கவே மனம் கூசும் சோதனை. ஆனால் அதன் விடை தெளிவானது: உயிர் இருப்பது மட்டும் காவல் ஆகாது. காவல் எதுவோ அது இரைப்பையின் சுவரில் இருக்கிறது.

அந்தச் சுவரைப் பார்க்க எண்டோஸ்கோபி அறையிலிருந்து தொடங்க வேண்டும். குழாயின் நுனியில் உள்ள சிறு இடுக்கி இரைப்பையின் உட்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கைக் கிள்ளி எடுக்கிறது. அரிசி நொய் அளவுதான் இருக்கும். அது ஃபார்மலினில் விழுந்து, ஆல்கஹாலில் நீர் வற்றி, உருகிய பாரபின் மெழுகில் ஊறி, மெழுகுக் கட்டிக்குள் உறைகிறது. மைக்ரோட்டோம் என்ற சீவும் கருவி அதை மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுகிறது. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவல்கள் நாடாவாக வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும்போது கண்ணாடி ஸ்லைடால் ஏந்தி எடுப்பார்கள். இதில் கைப்பக்குவம் நிறைய உண்டு. துணுக்கை மெழுகில் நேராக நிறுத்திப் பதிக்காவிட்டால் சீவல் குறுக்கே விழும். நீளவாக்கில் தெரிய வேண்டிய சுரப்பிகள் வெறும் வட்டங்களாகத் தெரியும். அறிக்கையில் கையெழுத்திடும் மருத்துவரின் பெயர் நோயாளிக்குத் தெரியும். துணுக்கை நிமிர்த்தி வைத்த டெக்னீஷியனின் பெயர் யாருக்கும் தெரியாது. அறிக்கையின் பாதி நம்பகம் அந்தக் கையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிறமற்ற அந்தச் சீவலுக்கு இரண்டு சாயங்கள் ஏற்றுவார்கள். நடு அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹீமடாக்சிலின், செல்களின் உட்கருவை நீலஊதாவாக்கும். இயோசின் மற்றவற்றை ரோஜா நிறமாக்கும். இனி நுண்ணோக்கியில் கண் வைக்கலாம்.

இரைப்பையின் சுவர் நான்கு அடுக்கு. உள்ளே கோழைப்படலம், அதன் அடியில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் இணைப்புத் திசு, அப்புறம் சாய்வு, வட்டம், நெடுக்கு என்று மூன்று திசையில் ஓடும் தசை, வெளியே மெல்லிய உறை. பயாப்சித் துணுக்கில் பெரும்பாலும் முதல் அடுக்கு மட்டுமே வரும். அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நம் கேள்விக்கான விடை முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது.

குறைந்த பெருக்கத்தில் முதலில் கண்ணில் படுவது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறி இறங்கும் விளிம்பு. பள்ளங்கள் இரைப்பைக் குழிகள். மனித இரைப்பையில் இவை சுமார் 35 லட்சம். ஒவ்வொரு குழியின் அடியிலும் நாலைந்து நீண்ட குழல் சுரப்பிகள் வந்து திறக்கின்றன. மொத்தம் ஒன்றரைக் கோடி அளவில் சுரப்பிகள். எல்லா இடத்திலும் ஒரே அமைப்பு இல்லை. இரைப்பையின் உடற்பகுதியில் குழி ஆழமற்றது, சுரப்பி நீளமானது. சிறுகுடலை நோக்கிய கீழ்ப்பகுதியில் குழி கோழைப்படலத்தின் பாதி ஆழம்வரை இறங்கும். சுரப்பி குட்டையாகச் சுருண்டிருக்கும். அமிலம் பெரும்பாலும் உடற்பகுதியின் வேலை. ஸ்லைடில் குழியின் ஆழத்தைப் பார்த்தே துணுக்கு எங்கிருந்து வந்தது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

மேற்பரப்பில் ஒரே வரிசையில் உயரமான தூண் செல்கள். எல்லாமே கோழை சுரப்பவை. சிறுகுடலில் கோப்பை வடிவச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்; இங்கே அப்படியில்லை, விளிம்பு முழுவதும் இந்த ஒரே இனம். ஒவ்வொரு செல்லின் மேற்பாதியும் வெளிறிய நுரைபோலத் தெரியும். பி.ஏ.எஸ். என்ற வேறு சாயம் ஏற்றினால் அந்த நுரை அடர்ந்த ஊதாச் சிவப்பாகிவிடும். செல்லுக்குள் தேக்கி வைத்த கோழை அது.

ஸ்லைடில் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உயிருள்ள இரைப்பையில் இந்தச் செல்களின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் கோழைப் பசை ஒன்று படர்ந்திருக்கும். வழக்கமான தயாரிப்பில் ஆல்கஹாலும் மற்ற திரவங்களும் அதைச் சுருக்கிக் கரைத்து எடுத்துவிடுகின்றன. காவலில் முதன்மையான அடுக்கை அழித்துவிட்டுத்தான் நாம் காவலைப் பார்க்க உட்காருகிறோம். அந்தப் பசைக்குள் பைகார்பனேட் என்னும் காரம் கசிந்து தேங்கியிருக்கிறது. இரைப்பைக்குள் அமிலக் குறியீடு 1, 2 என்று இருக்கும்போது, பசையின் அடியில், செல்லை ஒட்டிய இடத்தில், அது 7ஐ நெருங்கி நிற்கும். வெறும் நீரின் அளவு அது. எலுமிச்சைச் சாற்றைவிடப் புளித்த திரவத்துக்கும் நடுநிலைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான்.

இந்தத் தூண் செல்களும் நெடுநாள் வாழ்வதில்லை. மூன்றிலிருந்து ஐந்து நாளில் உதிர்ந்துவிடும். குழியும் சுரப்பியும் சேரும் குறுகிய இடத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிறக்கும் செல்களில் சில மேலே ஏறி மேற்பரப்பை அடைந்து உதிரும். சில கீழே இறங்கிச் சுரப்பியின் செல்களாகி மாதக்கணக்கில் வாழும். போன வாரம் சாப்பிட்ட சாப்பாட்டைச் சந்தித்த மேற்பரப்பு இன்று இல்லை.

இப்போது பெருக்கத்தைக் கூட்டி, சுரப்பிக்குள் இறங்கலாம். மேல்பாதியில் உருண்டையான பெரிய செல்கள், நல்ல ரோஜா நிறத்தில், நடுவில் வட்ட உட்கருவோடு, தட்டில் ஊற்றிய ஆஃப்பாயில் போலக் கிடக்கும். இவைதான் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்கள். குறுக்களவு இருபது மைக்ரானுக்கு மேல். ரத்தச் சிவப்பணுவைப்போல் மூன்று மடங்கு. ஒரு மனித இரைப்பையில் நூறு கோடி அளவில் இருக்கின்றன. கீழ்ப்பாதியில் நீலஊதா நிறத்தில் நெருக்கி நிற்பவை முதன்மைச் செல்கள். 1870இல் பிரெஸ்லாவில் ருடோல்ஃப் ஹைடன்ஹைன் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ‘முதன்மைச் செல்’ என்று நம் பாடநூல்கள் எழுதுவது அவருடைய ஜெர்மன் பெயரின் நேர்ப்பொருள்தான்.

பெரைட்டல் செல்லின் ரோஜா நிறத்துக்குக் காரணம் உண்டு. அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கொண்டிருக்கிறது. இயோசின் அவற்றில் நன்றாக ஏறும். இவ்வளவு அடுப்பு இந்தச் செல்லுக்கு எதற்கு? ரத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனியை 30, 40 லட்சம் மடங்கு செறிவாக்கி வெளியே தள்ள வேண்டும். உடலில் வேறெந்தச் செல்லும் இவ்வளவு மேட்டில் எதையும் ஏற்றுவதில்லை. இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824இல் லண்டனில் வில்லியம் பிரௌட் எழுதியபோது, அத்தனை கடுமையான பொருள் உடம்புக்குள் உண்டாகுமா என்று பலர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

அமிலம் செல்லை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதற்கு இத்தாலியின் பாவியா நகரில் விடை கிடைத்தது. நரம்புச் செல்களை வெள்ளி உப்பால் கறுப்பாக்கிக் காட்டிய கமில்லோ கோல்கி, 1893இல் அதே வெள்ளியை இரைப்பைச் சுரப்பியில் ஏற்றினார். ஒவ்வொரு பெரைட்டல் செல்லுக்குள்ளும் கூடை பின்னியதுபோலக் கறுப்பு வாய்க்கால்கள் தெரிந்தன. செல்லின் மேற்சவ்வு உட்பக்கமாக மடிந்து மடிந்து ஆன நுண்கால்வாய்கள் அவை. பட்டினி நேரத்துக்கும் சுரக்கும் நேரத்துக்கும் அவற்றின் தோற்றம் மாறுவதையும் அவர் கவனித்தார். பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி மீதியைச் சொன்னது. ஓய்வில் இருக்கும்போது, ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் புரோட்டான் பம்புகள் செல்லுக்குள் சிறு குமிழ்களின் சவ்வில் மடக்கி வைக்கப்பட்டிருக்கும். சாப்பாட்டு வாசனை வந்து, வேகஸ் நரம்பு தட்டி எழுப்பினால், குமிழ்கள் கால்வாயின் சவ்வோடு கலந்து, அந்தச் சவ்வின் பரப்பு பல மடங்கு விரியும். பம்புகள் கால்வாயை நோக்கி நின்று வேலையைத் தொடங்கும்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் வியக்க வைத்தது அடுத்த பகுதி. நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து பிரியும்போது ஒரு ஹைட்ரஜன் அயனி உண்டானால், கூடவே ஒரு பைகார்பனேட்டும் உண்டாகும். அமிலம் முன்வாசல் வழியே கால்வாய்க்குப் போகிறது. பைகார்பனேட் பின்வாசல் வழியே ரத்தத்துக்குப் போகிறது. வயிறாரச் சாப்பிட்டபின் இரைப்பையிலிருந்து திரும்பும் ரத்தத்தில் காரத்தன்மை சற்றுக் கூடுவதை உடலியங்கியல் நூல்கள் ‘கார அலை’ என்கின்றன. ஆனால் அந்தக் காரம் நேராக உடலின் பொது ரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. சுரப்பிகளுக்கு இடையே, அவற்றின் அடியிலிருந்து மேற்பரப்பை நோக்கி, துளையுள்ள சுவர் கொண்ட ரத்த நுண்குழல்கள் ஏறுகின்றன. பெரைட்டல் செல்களைக் கடக்கும்போது பைகார்பனேட்டை ஏற்றிக்கொண்டு, மேலே தூண் செல்களின் காலடிக்கு அந்த ரத்தம் வந்து சேருகிறது. பசைக்குள் கசிய வேண்டிய காரத்துக்கு அங்கிருந்து வரத்து. எவ்வளவு அமிலம் போகிறதோ அந்த அளவுக்குக் காவலும், அதே செல்லிலிருந்து, அதே நேரத்தில் மேலேறுகிறது. ஹண்டர் தேடிய விடையின் பெரும்பகுதி இந்த ரத்தக் குழல்கள் ஓடும் திசையில் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றால் காவலும் நிற்கும். அவர் மேசையில் கிடந்த உடல்களில் நடந்தது அதுதான்.

முதன்மைச் செல்களின் ஏற்பாடும் இதே புத்தியோடு அமைந்தது. புரதத்தை அறுக்கும் பெப்சினை 1836இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார். செல்லுக்குள் அது பெப்சினாக இல்லை. வாய் கட்டிய பெப்சினோஜனாக மணிமணியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அமிலத்தைச் சந்தித்தபிறகே கட்டு அவிழும். கத்தியையும் உறையையும் சேர்த்தே அனுப்பி, வெளியே போனபிறகு உருவச் சொல்வது போன்ற ஏற்பாடு.

அப்படியானால் சுரப்பியின் அடியிலிருந்து புறப்பட்ட அமிலம், மேலே போர்த்திய பசையைக் கிழிக்காமல் எப்படி வெளியே வருகிறது? 1992இல் வெளியான ஓர் ஆய்வு, அழுத்தத்தோடு தள்ளப்படும் அமிலம் கெட்டியான கோழைக்குள் விரல்விரலாகப் பாதை போட்டுக்கொண்டு மறுபுறம் போய்விடுகிறது என்று காட்டியது. திரும்பி வர அந்த அழுத்தம் அதற்குக் கிடையாது.

அமிலமும் பெப்சினும் தவிர இன்னும் சில வேலைகள் இந்தச் சுரப்பிகளில் நடக்கின்றன. சுரப்பியின் அடியில் சிதறிக் கிடக்கும் சிறு செல்கள் ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகின்றன. காஸ்ட்ரின் அமிலத்தைக் கூட்டும், சொமாட்டோஸ்டாட்டின் குறைக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டபோது, அதன் பிறப்பிடம் இரைப்பைதான் என்று தெரிந்தது. சாதாரணச் சாயத்தில் இந்தச் செல்களைப் பிரித்தறிவது கடினம். 

பெரைட்டல் செல்லுக்கு இன்னொரு கடமை உண்டு. வைட்டமின் பி12ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக்கொள்ள உதவும் உள்ளார்ந்த காரணியை மனிதரில் சுரப்பதும் இதே செல். உடலின் எதிர்ப்பு அணுக்கள் தவறிப்போய்ப் பெரைட்டல் செல்களையே அழிக்கத் தொடங்கினால் அமிலமும் போகும், பி12உம் போகும். முடிவில் ரத்தச்சோகையும் கை, கால் மரத்துப்போவதும் வரும். வயிற்றில் ஒரு வலியும் இல்லாமல் பாதம் மரத்து வருகிற நோயாளியின் தொல்லைக்குக் காரணம் சில நேரம் இந்த ஆஃப்பாயில் செல்களின் இன்மையில் இருக்கும்.

1893ஆம் ஆண்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கோல்கி வாய்க்கால்களை வரைந்த அதே ஆண்டில், டூரினில் ஜூலியோ பிட்ஸோசெரோ நாயின் இரைப்பைச் சுரப்பிகளில் சுருள்சுருளான நுண்ணுயிர்களைப் பார்த்தார். பெரைட்டல் செல்களுக்குள்ளும் அவை இருந்தன. இருவரும் நெருங்கியவர்கள், பிட்ஸோசெரோவின் உறவுப் பெண்ணைத்தான் கோல்கி மணந்திருந்தார். ஒருவர் அமிலத்தின் பாதையைக் கண்டார், மற்றவர் அந்தப் பாதையில் குடியிருந்தவரைக் கண்டார். முதலாவது பாடநூலுக்குப் போனது. இரண்டாவதை உலகம் மறந்தது. 1940இல் பாஸ்டனில் ஃப்ரீட்பெர்க்கும் பாரனும் வெள்ளிச் சாயம் ஏற்றி, அறுவையில் எடுத்த மனித இரைப்பைகளில் மூன்றில் ஒன்றுக்குமேல் அவற்றைக் கண்டார்கள். 1954இல் எடி பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் துணுக்குகளைப் பார்த்து அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார். இந்த அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்காது என்ற நம்பிக்கை அதோடு கெட்டிப்பட்டது. 

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரன் ஒரு துணுக்கின் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தார். கடந்து போகாமல் வெள்ளிச் சாயம் ஏற்றச் சொன்னார். கோடு வளைந்த கிருமிகளாகப் பிரிந்தது. தூண் செல்களை ஒட்டி, கோழைப் பசைக்கு அடியில், கிட்டத்தட்ட நடுநிலையான அந்தச் சிறு இடுக்கில் அவை நீந்திக்கொண்டிருந்திருக்கின்றன. நமக்காகச் சுவர் கட்டிய காவலறைக்குள் அவை வந்து தங்கிவிட்டன. யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கித் தம்மைச் சுற்றியுள்ள அமிலத்தையும் தணித்துக்கொள்கின்றன. 1981இல் பாரி மார்ஷல் வாரனோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்ததால் கிருமி முளைத்தது. 1984இல் மார்ஷல் அதைக் குடித்து, தமக்கே இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டு நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கதையில் பலரும் குடித்த கோப்பையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நீலக் கோடுதான் பெரிது. அதற்கு முன் எத்தனையோ மேசைகளில் எத்தனையோ கண்கள் அதைப் பார்த்துக் கடந்திருக்கும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி வந்த பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க எதுவும் செய்வதில்லை. சிலருக்குப் புண் உண்டாக்கும். இன்னும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்து, சுரப்பிகள் தேய்ந்து, அங்கே சிறுகுடலின் கோப்பை வடிவச் செல்கள் முளைக்கும். இரைப்பையின் வரிசையில் ஒரு கோப்பைச் செல்லைக் கண்டால் நோயியல் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த இடம் தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெலாயோ கொரேயா 1975இல் விவரித்த படிவரிசையில் இது புற்றுநோய்க்கு முந்தைய படிகளில் ஒன்று. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. பயாப்சி எழுதிக்கொடுத்தால் பயந்து தள்ளிப்போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் கோல்கியின் வாய்க்காலை நம்பி வேலை செய்பவை. மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியே பெரைட்டல் செல்லை அடைந்து, அந்தக் கால்வாயின் கடும் அமிலத்தில்தான் உருமாறிப் பம்பைப் பிடிக்கும். பம்பு கால்வாய்க்கு வந்து நின்றால்தான் பிடிபடும். அதை வரவழைப்பது சாப்பாடு. சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் போடச் சொல்வதன் காரணம் அது. சாப்பிட்டு முடித்து நெஞ்செரிந்தபின் விழுங்குவோர் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

மூட்டு வலிக்கு என்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் வேறு இடத்தில் கை வைக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின்கள் எனப்படும் வேதிப்பொருட்கள்தான் கோழையையும் பைகார்பனேட்டையும் மேற்பரப்பின் ரத்த ஓட்டத்தையும் பேணுகின்றன. ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் அவை உண்டாவதைத் தடுத்துவிடும். அமிலம் கூடாமலே புண் வரும். ‘எனக்கு அசிடிட்டி அதிகம்’ என்று சொல்பவர்கள் பலருக்குக் கூடியிருப்பது அமிலம் அல்ல, குறைந்திருப்பது காவல்.

மேற்பரப்பில் சிறு சிராய்ப்பு விழுந்தால் ஸ்டெம் செல் பிரிந்து புதுச் செல் பிறக்கும்வரை இரைப்பை காத்திருப்பதில்லை. குழியின் வாயில் மிஞ்சிய செல்கள் தட்டையாகி, கால் நீட்டி நகர்ந்து, நிமிடங்களில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வெற்றிடத்தைப் போர்த்திவிடுகின்றன. அவற்றுக்கு மேல் கசிந்த கோழையும் ரத்தத்தின் புரதமும் சேர்ந்து தற்காலிகக் கூரை போட்டுக்கொடுக்கும். இடுக்கி கிள்ளிய இடம் சிராய்ப்பைவிட ஆழமானது. ஆற நாள் பிடிக்கும். ஆனாலும், நொய் அளவுத் துணுக்கு மெழுகில் உறைந்து, சீவப்பட்டு, சாயமேறி மேசைக்கு வருவதற்குள் அதன் விளிம்புச் செல்கள் நகர ஆரம்பித்திருக்கும்.